ஹாலில் நூறு, உள்ளறையில் வட்டம்

புது இணைப்பு கொடுக்க வரும் இளைஞருக்கு ஒரு வீட்டில் அதிக நேரம் நிற்க முடியாது. அடுத்து மந்தைவெளியில் ஒன்று, அதற்கடுத்து இந்திரா நகரில் ஒன்று என்று அவருடைய செல்போனில் வரிசை காத்திருக்கிறது. பால்கனி ஜன்னல் வழியாகக் கறுப்பு ஒயரை உள்ளே இழுப்பார். டிவி ஸ்டாண்டுக்கு மேல் சுவரில் இரண்டு ஓட்டை போட்டு வெள்ளைப் பெட்டியை மாட்டுவார். அதன் பக்கத்திலேயே நின்று வேகத்தைச் சோதித்துக் காட்டுவார். நூறு மெகாபிட் திட்டம் என்றால் நூறு காட்டும். முழம் தள்ளி நின்று பார்த்தால் எப்படிக் காட்டாமல் போகும்? "ஓ.டி.பி. சொல்லுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று இரவு உள்ளறையில் யாராவது லேப்டாப்பைத் திறக்கும்போதுதான் திரையின் நடுவே வட்டம் சுற்றத் தொடங்கும்.

உடனே கஸ்டமர் கேருக்குப் போன். "பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பதில். மூன்றாம் நாள் வேறொரு இளைஞர் வந்து, ஹாலில் நின்று, "லைன் நல்லா இருக்கே மேடம்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, வீட்டுக்காரர் சொல்வதும் பொய்யில்லை. கேபிளைக் கொண்டுவந்து பெட்டியில் சேர்ப்பதோடு நிறுவனத்தின் வேலை முடிகிறது. பெட்டியிலிருந்து சமையலறை வரை, மொட்டைமாடி அறை வரை கொண்டுபோவது வீட்டுக்காரரின் வேலை. இதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

இந்தக் குழப்பம் ஒரு காலத்தில் இல்லை, ஏனென்றால் பங்கிட அப்போது எதுவும் இல்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது சென்னை வீடுகளில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு தொலைபேசி. நெட்டில் உட்கார்ந்தால் போன் வேலை செய்யாது. ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் 'எங்கேஜ்டு' சத்தம்தான். அந்த இம்சைக்குச் சென்னையிலேயே ஒரு விடை உருவானது பலருக்கு நினைவிருக்காது. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'டெனெட்' குழுவும் பான்யன் நெட்வொர்க்ஸ் என்ற சென்னை நிறுவனமும் சேர்ந்து 'டயாஸ்' என்ற சாதனத்தைச் செய்தன. ஒரே செம்புக் கம்பியில் போனும் நெட்டும் சேர்ந்து ஓடும். 128 கிலோபிட் வேகம். யாராவது போனை எடுத்துப் பேசினால் 64 ஆகக் குறையும், ஆனால் அறுந்துபோகாது. பி.எஸ்.என்.எல். அதைச் சேவையாகவே கொடுத்தது. இன்றைய கணக்கில் அது ஒன்றுமில்லாத வேகம். அன்றைக்கு, எப்போதும் திறந்திருக்கும் நெட் என்பதே அதிசயமாக இருந்தது.

அடுத்து 2005 ஜனவரி 14. தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த மத்திய சென்னை எம்.பி. தயாநிதி மாறன் காலத்தில் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' பிராட்பேண்டைத் தொடங்கியது. வேகம் 256 கிலோபிட். முந்தைய ஆண்டு அரசு வகுத்த கொள்கைப்படி அதுதான் 'பிராட்பேண்ட்' என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சத் தகுதி. 2498, 2499 என்று தொடங்கும் மயிலாப்பூர் எண்களும், 2434 என்று தொடங்கும் தி.நகர் எண்களும், அடையாறின் 2491-ம் ஒவ்வொன்றாக மாறின. லைன்மேன் போன் பிளக்கில் சின்னதாக ஒரு ஸ்ப்ளிட்டரைச் செருகிவிட்டுப் போவார். பேச்சுக்கு நான்கு கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே வெகு உயரத்தில் நெட் ஓடும். இரண்டையும் பிரிப்பதுதான் அந்தத் துண்டின் வேலை. அது கழன்றால் போனில் கொரகொர சத்தம், நெட்டில் அடிக்கடி வெட்டு. சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை என்பதால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள்.

அந்த நாட்களில்தான் மோடம், ரூட்டர் என்ற இரண்டும் ஒரே பெட்டிக்குள் குடியேறின. நம் தலையிலும் ஒன்றாகக் கலந்தன. மோடம் செய்வது மொழிமாற்றம் மட்டுமே. தெருவிலிருந்து வருவது செம்பில் ஓடும் அலையோ, கண்ணாடி இழையில் ஓடும் ஒளியோ, அதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும். ஃபைபர் இணைப்பில் அதே வேலையைச் செய்யும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். வந்த ஒரு இணைப்பை வீட்டிலுள்ள பத்துக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ரூட்டர். ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒரு முகவரி தரும், 192.168 என்று தொடங்குவது அதுதான். வெளியுலகுக்கு அத்தனையும் ஒரே வீடாகத் தெரியும்படி பார்த்துக்கொள்ளும். வை-ஃபை என்பது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வேலை. நிறுவனம் இலவசமாகத் தரும் பெட்டி மூன்றையும் சுமாராகச் செய்யும்.

சுமாராகச் செய்வது போதவில்லை என்றுதான் மக்கள் ரிட்சி தெருவுக்குப் போகிறார்கள். நான்கு ஆன்டெனா வைத்த புது ரூட்டரோடு திரும்பி வந்து, பழைய பெட்டியிலிருந்து லேன் கேபிளை எடுத்து இதில் செருகுகிறார்கள். வை-ஃபை பெயர் தெரிகிறது, சிக்னல் முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை. புது ரூட்டர் பழுது என்று அடுத்த நாளே திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு.

பழுது எதுவும் இல்லை. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு சமையல் கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டால் நடப்பதுதான் நடக்கிறது. பழைய பெட்டியும் ரூட்டர், புதுப் பெட்டியும் ரூட்டர். இரண்டுமே தன் முகவரி 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டு நின்றால், எது வீடு, எது வெளி என்று புதுப் பெட்டிக்குத் தெரியாது. சில ரூட்டர்கள் மோதலைக் கண்டு தாமாகவே எண்ணை மாற்றிக்கொள்ளும். அப்போது நெட் வரும். ஆனால் முகவரி மாற்றும் வேலை இரண்டு முறை நடப்பதால் ஆன்லைன் கேமும், அலுவலக வி.பி.என்.னும், வாசல் கேமராவும் அவ்வப்போது முரண்டு பிடிக்கும்.

தீர்க்க வழி இரண்டு. முதல் வழியில் நிறுவனப் பெட்டியை வெறும் மோடமாக்கிவிடுவது. இதற்கு 'பிரிட்ஜ் மோட்' என்று பெயர். நெட்டுக்குள் நுழையும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் அதன்பின் புது ரூட்டரில் 'பி.பி.பி.ஓ.ஈ.' என்ற பக்கத்தில் போடப்பட வேண்டும். சில ஃபைபர் இணைப்புகளுக்கு 'வீலான்' எண்ணும் தேவை. இவை நிறுவனத்திடம்தான் இருக்கும். கேட்டால் சிலர் உடனே தருவார்கள், சிலர் அப்படி ஒரு வசதியே இல்லை என்பார்கள்.

இரண்டாவது வழி எளிது, பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். பழைய பெட்டியே தலைமையில் இருக்கட்டும், புது ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால் முதலில் அதை மட்டும் லேப்டாப்போடு இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி வழங்கும் 'டி.எச்.சி.பி.'யை அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகே கேபிள். அதையும் 'வேன்' என்று எழுதிய துளையில் செருகாமல், பக்கத்தில் வரிசையாக இருக்கும் 'லேன்' துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். வரிசை மாறினால் பழைய குழப்பமே திரும்பி வரும்.

எந்தப் பெட்டி என்பதைவிட எங்கே வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தடித்து நிற்பவை. வெயிலைத் தடுத்த அதே சுவர் வை-ஃபையையும் தடுக்கும். அடையாறு, பெசன்ட் நகர் அடுக்ககங்களில் கான்கிரீட் தூணும் அதற்குள் இருக்கும் கம்பியும் அந்த வேலையைச் செய்கின்றன. இரும்பு பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி, மீன் தொட்டி எல்லாம் எதிரிதான். தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவரில் களைத்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது நெட் தடுமாறினால் காரணம் 2.4 அலைவரிசை; அடுப்பும் அதுவும் ஒரே இடத்தில் வேலை செய்கின்றன.

பனகல் பூங்காவைச் சுற்றிய தெருக்களில் இன்னொரு தொல்லை. ஜன்னலும் ஜன்னலும் எதிரெதிரே நிற்கும் குடியிருப்புகளில் செல்போனைத் திறந்தால் பக்கத்து வீட்டு வை-ஃபை பெயர்கள் ஒரு பட்டியலாக வந்து விழும். 2.4-ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அத்தனை வீடும் இந்த மூன்றில் நெருக்கியடித்துக்கொள்கின்றன. அங்கே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதுதான் விடுதலை. பக்கத்து வீட்டு அலை சுவரைத் தாண்டி வராது என்பது இங்கே வரம்.

அப்படியானால் உள்ளறைக்கு எப்படிக் கொண்டுபோவது? கேபிள்தான். 'மெஷ்' என்று விற்கும் இரட்டைப் பெட்டிகள் நல்லவைதான். அவற்றுக்கும் நடுவில் ஒரு லேன் கேபிள் ஓடினால் இன்னும் நல்லவை. பல அடுக்ககங்களில் தொலைபேசிக்கும் கேபிள் டிவிக்கும் சுவருக்குள் பைப் போட்டிருப்பார்கள். இன்று பல வீடுகளில் அது சும்மா கிடக்கிறது. ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அதில் 'கேட் 6' கேபிளை இழுத்துவிட்டால் சுவரை உடைக்க வேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. இரண்டு ஜோடியை மட்டும் இணைத்து முனை அடித்தாலும் நெட் வரும், ஆனால் நூறைத் தாண்டாது. முந்நூறு மெகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள், எப்போது சோதித்தாலும் 94, 95 என்றே நிற்கிறது என்றால், நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் அந்த முனையைப் பாருங்கள். ரூட்டரின் துளையே நூறுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறதா என்று அட்டைப் பெட்டியிலும் பாருங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நம் ஊரின் அலட்சியத்துக்கு அளவே இல்லை. வை-ஃபைக்கு செல்போன் எண், ரூட்டரின் உள்பக்கத்துக்கு பேரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. 2017 ஜூலையில் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கர்நாடகம் உள்ளிட்ட இடங்களில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஒரு தீநிரலால் முடங்கின. மாட்டியவை முதல் நாள் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை. உடனே மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பு, 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புகளை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வை-ஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் தட்டியது அவர் கதவைத்தான். நம் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் பதிவாவது நம் முகவரி. பூட்டு 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது 3 ஆக இருக்கட்டும். விருந்தாளிக்குத் தனியாக 'கெஸ்ட்' பெயர் வைக்கும் வசதி இப்போது சாதாரண ரூட்டரிலும் உண்டு.

டிசம்பர் வந்தால் சென்னைக்கு வேறு பாடு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் தேங்கியபோதும் நெட் பல நாள் படுத்தது. செம்புக் காலத்துப் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபரில் அது இல்லை. பெட்டிக்கு வீட்டில் மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே சிறிய யு.பி.எஸ். விற்கிறார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை கண்ணாடி இழை நேராக வந்தால் நடுவில் எதற்கும் கரண்ட் தேவையில்லை. ஆனால் கட்டடத்தின் மாடிப்படிக்கடியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து லேன் கேபிளாக வீட்டுக்கு இழுத்திருந்தால், உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடியும் பயனில்லை; அந்தப் பெட்டிக்குப் பேட்டரி இருக்கிறதா என்று அசோசியேஷன் கேட்க வேண்டும்.

ஓ.என்.டி.யில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வீட்டுக்குள் வரவில்லை என்று பொருள். எலி கடித்திருக்கும், மரக்கிளை அறுத்திருக்கும், அல்லது டிவி ஸ்டாண்டைத் துடைத்தவர்கள் மெல்லிய மஞ்சள் ஒயரை மடக்கியிருப்பார்கள். அதற்கு எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் பலன் இல்லை, ஆள்தான் வர வேண்டும். சிவப்பு விளக்கு எரியவில்லை, ஆனாலும் நெட் மெதுவாக இருக்கிறது என்றால், புகார் கொடுப்பதற்கு முன் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ஓ.என்.டி.யில் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். வராவிட்டால் அந்தத் திரையைப் படம் பிடித்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதன்பின் "லைன் நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போக யாராலும் முடியாது.