கௌபாய் துப்பாக்கி சுடுதல்: திருவாடானையிலிருந்து ஆரம்பிக்க முடியுமா? லைசென்ஸ் முதல் கிளப் வரை

தலையில் அகலத் தொப்பி, இடுப்பில் ரெண்டு பக்கமும் ரிவால்வர், எதிரே வரிசையாக இரும்புத் தகடுகள். 'டிங் டிங் டிங்' என்று சில நொடிகளில் அத்தனையையும் அடித்துவிட்டு ஒருவர் சிரிக்கிறார். இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். அது சினிமா படப்பிடிப்பு இல்லை. அமெரிக்காவில் முறையாக நடக்கிற ஒரு விளையாட்டு. பெயர், கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்.

இதை நாமும் ஆரம்பிக்கலாமா? அந்த விளையாட்டை அப்படியே இந்தியாவில் ஆடுவது நடைமுறையில் முடியாத காரியம். ஆனால் துப்பாக்கி சுடுதலை ஆடலாம். அதில் லைசென்ஸே தேவைப்படாத ஒரு வாசலும் இருக்கிறது. அந்த வாசலைத் தெரியாமல் வேறு வழியில் நுழைகிறவர்கள்தான் போலீஸ், வனத்துறை என்று மாட்டிக்கொள்கிறார்கள். திருவாடானை மாதிரி ஓர் ஊரில் இருக்கிறவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.

அது என்ன கௌபாய் ஷூட்டிங்?

கௌபாய் நமக்குப் புதுசில்லை. சிவகாசியில் அச்சான லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்த தலைமுறை இங்கே இருக்கிறது. 1972-ல் வந்த 'கங்கா' படத்தில் ஜெய்சங்கரும், 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்க'த்தில் லாரன்ஸும் அந்தத் தொப்பியை மாட்டியவர்கள்தான்.

அந்த ரசனையைப் போட்டியாக மாற்றியது அமெரிக்காவின் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி'. 1987-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. 19-ம் நூற்றாண்டு பாணி உடை கட்டாயம். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். ஒருவர் வைத்திருக்கும் பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. கையில் நாலு ஆயுதம் இருக்கும்: ரெண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன். எல்லாமே பழைய மாடல்.

'சிங்கிள் ஆக்‌ஷன்' என்றால், ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் ரிவால்வரின் பின்பக்கச் சுத்தியை இழுத்துவிட்ட பிறகுதான் ட்ரிக்கரை அழுத்த முடியும். ஆறு குண்டு பிடிக்கும் ரிவால்வரில் ஐந்துதான் போடுவார்கள். தவறுதலாக வெடிக்காமல் இருக்க, சுத்திக்கு நேரே இருக்கும் அறை காலியாக இருக்கணும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவரே வெற்றி. ஒரு தகட்டைத் தவறவிட்டால் 5 நொடி கூட்டிவிடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பாதுகாப்பு விதியில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இங்கே ஏன் முடியாது?

கணக்கே இடிக்கிறது. போட்டிக்கு வேண்டியது நாலு ஆயுதம். 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருவர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. தேசிய அளவில் பெயர் எடுத்த விளையாட்டு வீரர்களுக்குத்தான் விலக்கு.

அடுத்து, குண்டின் அளவு. கௌபாய் போட்டிகளில் அதிகம் புழங்கும் .38 ரிவால்வர் இங்கே தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். நம்மூரில் லைசென்ஸோடு இருக்கும் ரிவால்வர்கள் பெரும்பாலும் .32 ஆக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

லைசென்ஸ் வாங்குவதும் சுலபம் இல்லை. 21 வயது முடிந்திருக்கணும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். திருவாடானைக்காரர்கள் என்றால் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ். போலீஸ் விசாரணை, உடல் மற்றும் மனநல மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று, கூடவே 'எதற்காக வேண்டும்' என்பதற்கு ஏற்கத்தக்க காரணம். 'ரீல்ஸ் பார்த்தேன், ஆசை வந்தது' என்று அந்தக் கட்டத்தில் எழுத முடியாது. கிடைத்தாலும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். விவசாயத்துக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் நம்ம பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் அந்த அலைச்சலைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

லைசென்ஸ் வேண்டாத வாசல்

அதுதான் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல். வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று ஒரு சின்ன ஈயக்குண்டைத் தள்ளும். அந்தக் குண்டுக்குப் பெயர் பெல்லட். 2016 ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் .177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ) மிகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இந்த ரெண்டும் சேர்ந்தே இருக்கணும்.

20 ஜூல் என்றால் எவ்வளவு? ஒரு கிலோ எடைக்கல்லை 2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால், தரையைத் தொடும்போது ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல் இருக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். இடம் பார்த்துப் பட்டால் உயிரே போகலாம். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் இதைப் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஒலிம்பிக்கில் பயன்படும் ஏர் ரைஃபிளின் ஆற்றல் இதில் பாதியைவிடக் குறைவு.

இங்கே ஒரு பொறி இருக்கு. 'பாயின்ட் 22 ஏர்கன், செம பவர்' என்று விளம்பரம் வரும். .22 என்பது .177-ஐ விடப் பெரியது. ஏர்கன்தான் என்றாலும் அதற்கு லைசென்ஸ் வேணும். 'ஸ்பிரிங் மாத்தி பவர் ஏத்தித் தர்றோம்' என்கிறவர்களிடமும் சிக்காதீர்கள். 20 ஜூலைத் தாண்டினால் அதுவும் லைசென்ஸ் ஆயுதமாகிவிடும். லைசென்ஸ் இல்லாமல் அப்படி ஒன்றை வைத்திருந்தால் வழக்குதான். நாட்டுத் துப்பாக்கி மாதிரி வெடிமருந்து ஆயுதம் கையில் இருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றிக் கொடுக்கிறவர்களுக்குத் தண்டனை இன்னும் பல மடங்கு, ஆயுள்வரை போகும்.

கொக்கு, காடை, மயில்

எங்களைக் கேட்டால், இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான். நம்ம பக்கம் ஏர்கன் வாங்குகிறவர்களில் பலருக்கு முதலில் தோன்றுவது கண்மாய்க்கரையும் கொக்கும்தான். சின்ன வயதில் கவட்டைவில்லோடு சுற்றிய பழக்கம் அப்படி. வளரி வீசின சீமை என்கிற பெருமை வேறு.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் என்று கண்மாய்களே பறவைகள் சரணாலயங்களாக இருக்கின்றன. அங்கே வந்து இறங்கும் பறவைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. உங்கள் ஊர்க் கண்மாயிலும் வயலிலும்தான் மேயும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த ஆயுதத்தால் அடித்தாலும் வேட்டை வேட்டைதான். 'ஏர்கன் தானே சார்' என்பது பதில் ஆகாது. மயிலைச் சுட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நெல்லைத் தின்றது என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி.

இது இங்கே மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அருணாச்சலப் பிரதேசத்தில் ஏர்கன்னால் பறவைகள் அழிகின்றன என்று 2021-ல் அரசே ஒரு இயக்கம் தொடங்கி, மக்களிடமிருந்து ஏர்கன்களைத் திரும்ப வாங்கியது.

ரீல்ஸ் விஷயமும் உண்டு. கல்யாணத்திலோ திருவிழாவிலோ துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 2019 திருத்தத்தில் சேர்த்த பிரிவு இது.

முதலில் துப்பாக்கி வாங்காதீங்க

திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் நின்றிருப்பீர்கள். சரியாகக் குறி பார்த்தும் பலூன் உடையாது. தேய்ந்த குழாய், தளர்ந்த ஸ்பிரிங், கோணலான குறிமுள். பழகாத ஒருவர் ஆன்லைனில் மலிவாக வாங்கும் துப்பாக்கியிலும் இதேதான் நடக்கும். தப்பு கையிலா, துப்பாக்கியிலா என்றே தெரியாமல் ரெண்டு மாசத்தில் அது பரணுக்குப் போய்விடும்.

அதனால் துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் கிளப். திருவாடானையிலிருந்து பார்த்தால் மதுரை ரைஃபிள் கிளப் ஒரு பக்கம், திருச்சி ரைஃபிள் கிளப் இன்னொரு பக்கம். மதுரைக்கே பஸ்ஸில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் தினமும் போவது கஷ்டம். வார இறுதி என்றால் சமாளிக்கலாம். கிளம்பும் முன் போன் செய்து புதியவர்களுக்கு எந்த நாள், உறுப்பினர் கட்டணம் எவ்வளவு, கிளப் துப்பாக்கியிலேயே பழகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தால் அது இன்னும் சிக்கனமான வழி. கேடட்டுகளுக்கு .22 ரைஃபிளில் சுடும் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் முதலில் விசாரிக்கணும்.

கிளப்பில் முதல் நாளே சுட விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். துப்பாக்கியில் குண்டு இருக்கிறதாகவே எப்போதும் நினைப்பது, குழாய் முனையை மனிதர் பக்கம் திருப்பாமல் இருப்பது, சுடும் நொடி வரை விரலை ட்ரிக்கருக்கு வெளியே வைப்பது. இதை அலுத்துப்போகும் வரை சொல்வார்கள். பிறகு நிற்கும் நிலை, மூச்சு, குறி. பெல்லட் போடாமலேயே ட்ரிக்கரை அழுத்திப் பழகும் 'டிரை ஃபயரிங்' தான் பெரும்பகுதி. கௌபாய் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது சப்பென்று இருக்கும். பலர் கழன்றுகொள்வதும் இங்கேதான்.

தாக்குப் பிடித்தால் விளையாட்டின் ருசி தெரியும். 10 மீட்டர் தூரம். ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் இருக்கும் 10 பாயின்ட் புள்ளியின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். பிஸ்டலுக்கு 11.5 மி.மீ, ஆனால் ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துச் சுடணும். தகுதிச் சுற்றில் 60 குண்டு, 75 நிமிடம். இங்கே வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. இதயத் துடிப்பே குறியை ஆட்டிவிடும்.

செலவு, அடுத்த கட்டம்

வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள்கள் லட்சங்களில். அதோடு மேட்ச் பெல்லட், தடித்த ஜாக்கெட், பேன்ட், ஷூ. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை, மறைக்க வேண்டியதில்லை. ஜாக்கெட் தேவைப்படாத பிஸ்டலில் செலவு கொஞ்சம் குறையும். இந்தியாவிலேயே தயாராகும் துப்பாக்கிகளில் தொடங்குகிறவர்களும் உண்டு. தொடக்கநிலைப் போட்டிகளில் சாதாரணக் குறிமுள்ளோடு சுடும் 'ஓப்பன் சைட்' பிரிவும் இருப்பதால், விலை உயர்ந்த துப்பாக்கி இல்லாமலே மேடை ஏறலாம். கிளப் போட்டி, மாநிலப் போட்டி, அங்கே தகுதி மதிப்பெண் எடுத்தால் அடுத்தடுத்து தேசியப் போட்டி வரை போகலாம். தேசிய அளவில் இதை நடத்துவது 1951-ல் தொடங்கிய இந்திய தேசிய ரைஃபிள் சங்கம். இங்கே தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கம்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு அஜித் குமார் இருக்கிறார். சென்னை ரைஃபிள் கிளப் சார்பில் 2021 மார்ச்சில் மாநிலப் போட்டியில் கலந்துகொண்டு 6 பதக்கம் வாங்கியபோது அவருக்கு 49 வயது. அடுத்த ஆண்டு திருச்சியில் நடந்த போட்டிக்கு அவர் வந்தபோது, போட்டியைவிட ரைஃபிள் கிளப் வாசலில் கூடிய கூட்டம்தான் பெரிய செய்தி ஆனது.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னும் நெருக்கமான பெயர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் என்று ரெண்டு ஒலிம்பிக் பார்த்தவர். பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய ரெண்டு வெண்கலமும் லைசென்ஸ் தேவைப்படாத அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமானும் பாரிஸ் போனார். அவருடையது ட்ராப், அதாவது பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுடுவது. அதற்கு லைசென்ஸும் வேணும், தோட்டாவுக்கும் தனியாகப் பணம் வேணும்.

கிளப்புக்கு முதல் முறை போகும்போது ஆதார் நகல், ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ இருந்தால் போதும். 18 வயதுக்குக் கீழ் என்றால் அப்பாவோ அம்மாவோ கூட வரணும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மறக்காதீர்கள். தொப்பி உங்கள் இஷ்டம்.