பீட்டில் எஞ்சினின் எட்டு ஸ்டட்கள்

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு ரேடியேட்டர் கிடையாது. வண்டியின் பின்பக்கம் படுத்த நிலையில் இருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் காற்றே குளிர்விக்கிறது. 2003 ஜூலையில் மெக்சிகோவின் புயேப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, உலகம் முழுக்க 2 கோடியே 15 லட்சம் பீட்டில்கள் தயாராகியிருந்தன. அவற்றை இன்றும் பிரித்துப் பூட்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். எஞ்சினையே கழற்றி இறக்கத் தயங்காத அவர்கள், சைலன்சரைக் கழற்றும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

காரணம் எட்டு ஸ்டட்கள். எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர் ஹெட். ஒவ்வொன்றிலும் புகை வெளியேற இரண்டு வாய். ஒவ்வொரு வாய்க்கும் 8 மி.மீ. தடிமனில் இரண்டு எஃகு ஸ்டட். ஸ்டட்டின் ஒரு முனை அலுமினிய ஹெட்டுக்குள் மரையில் இறங்கியிருக்கும். வெளியே நீட்டியிருக்கும் முனையில் புகைக்குழாயை மாட்டி, நட்டு போட்டு முடுக்குவார்கள். முடுக்கும் அளவு ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். அதாவது, 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் பத்துக் கிலோ அழுத்தம். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் மரையின் சாய்வு அந்தச் சுழற்சியை இழுவிசையாக மாற்றும்போது, ஸ்டட்டின் மேல் ஒரு டன்னுக்கும் கூடுதலான இழுப்பு விழுகிறது. அதைத் தாங்குவது அலுமினியத்தில் வெட்டிய சில சுற்று மரைதான். அந்தச் சுற்றுகளும் பாரத்தைச் சமமாகப் பகிர்வதில்லை. துளையின் வாய்க்கு அருகே உள்ள முதல் சுற்றே மூன்றில் ஒரு பங்கு வரை சுமக்கிறது.

இதோடு சூடு சேர்கிறது. எஞ்சினைவிட்டு வெளியேறும் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஹெட் 200 டிகிரி சூடேறினால், 8 மி.மீ. துளை ஸ்டட்டைவிட ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். ஆறினால் மறுபடி இறுகும். வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. போதாததற்கு, 200 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் பதப்படுத்திய அலுமினியம் தன் வலுவையே மெல்ல இழக்கிறது.

வெளிமுனையில் நட்டும் ஸ்டட்டும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் பொருள். அது நட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது ஸ்பேனரை வைத்துத் திருப்பினால், எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். ஒன்று, ஸ்டட் துண்டாகும். இல்லையேல், நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழன்று அலுமினிய மரையைச் சுரண்டிக்கொண்டு வெளியே வரும்.

மரை போனால் குழாய் இறுகாது, புகை கசியும். பீட்டிலில் இதை இரைச்சல் தொல்லையாக மட்டும் பார்க்கக் கூடாது. புகைக்குழாயைச் சுற்றி உறை போட்டு, அதற்குள் ஊதிய காற்றின் சூட்டைத்தான் குளிர்நாடுகளில் வண்டிக்குள் அனுப்பினார்கள். 1960களின் தொடக்கம் வரை வந்த வண்டிகளில் சிலிண்டர்களைத் தொட்டு வந்த காற்றே நேராக உள்ளே போனது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொல்லும்.

ஸ்டட் முறிந்து துளைக்குள் தங்கிவிட்டால் முதலில் கை போகவேண்டியது டிரில்லுக்கு அல்ல, வெல்டிங்குக்கு. முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியே பற்றவைக்கிறார்கள். உருகிய எஃகு அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டட்டில் மட்டுமே பிடிக்கும். செக்கச் சிவந்த ஸ்டட் விரியப் பார்க்கிறது. பக்கவாட்டில் இடமில்லாததால் இளகிய எஃகு நீளவாக்கில் பிதுங்குகிறது. ஆறும்போது முன்பைவிட மெலிந்துவிடுகிறது. பிடித்திருந்த துருவும் நொறுங்குகிறது. பல வேளைகளில் அதன்பின் சாதாரண ஸ்பேனருக்கே ஸ்டட் இசைந்து வந்துவிடும்.

வராவிட்டால்தான் டிரில். இங்கேதான் அவசரம் ஹெட்டைக் கெடுக்கிறது. எஃகு கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மென்மை. டிரில் முனை கொஞ்சம் விலகினாலும் மென்மையான பக்கமாகவே ஓடும். அதனால் முறிந்த முனையை அரத்தால் சமன் செய்து, நடுவில் பஞ்ச் அடித்து, வழிகாட்டிக் குழல் ஒன்றைப் பொருத்தி, 3 மி.மீ. டிரில்லில் தொடங்க வேண்டும். துளைக்குள் கருவி ஏதாவது முறிந்தால் நிலைமை மோசம். அது டிரில்லுக்கே அசையாத எஃகு. அதற்கு மின்பொறி அரிப்பு எந்திரம் வேண்டும். மின்பொறி உலோகத் தொடுமுனைகளை அரிப்பதைத் தடுக்க ஆராய்ந்த சோவியத் விஞ்ஞானிகள் லசரென்கோ தம்பதி, 1943இல் அந்த அரிப்பையே உலோகம் வெட்டும் முறையாக்கினார்கள். தாமிர மின்முனை எஃகைத் தொடாமலே பொறி பொறியாகத் தின்றுவிடும்; அலுமினிய மரைக்குச் சேதம் வராது.

ஸ்டட் வந்துவிட்டது, மரை போய்விட்டது என்றால் துளையைப் பெரிதாக்கி உள்ளே புது எஃகு மரையைக் குடியமர்த்துகிறார்கள். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 8.3 மி.மீ. அளவில் துளையிட்டு, அதற்கென்றே வரும் பெரிய டேப்பால் மரை போடுகிறார்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் முறிந்து விழுவது கையிலேயே தெரியும். அந்த மரையில் ஹெலிகாயிலை இறக்குகிறார்கள். அது சாய்சதுர வெட்டுமுகம் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை ஸ்பிரிங்போல் சுற்றியது. துளையைவிடச் சற்றுப் பெரிதாகச் சுற்றியிருப்பதால் உள்ளே போனதும் தானே விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். கம்பி நெளிந்து கொடுப்பதால் முதல் சுற்றின் பாரமும் மற்றச் சுற்றுகளுக்குப் பரவுகிறது.

அலுமினியத்தில் வெட்டிய மரையின் விட்டம் இப்போது 8 மி.மீ. அல்ல, 9.6 மி.மீ. பிடிக்கும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஆகவே, ஒழுங்காகச் செய்த பழுதுபார்ப்பு ஆலையில் போட்ட மரையைவிட வலுவானது. விமான எஞ்சின் தயாரிப்பில் புத்தம்புது அலுமினிய பாகங்களுக்கே தொடக்கத்திலேயே ஹெலிகாயிலைப் பொருத்துகிறார்கள். கம்பிக்குப் பதில் கெட்டியான எஃகுக் குழலை இறக்கும் டைம்-சர்ட் முறையும் உண்டு. அடிக்கடி சூடேறி ஆறும் புகைவாய்க்கு நான் அதையே தேர்வு செய்வேன். விலை கூடுதல்தான், ஆனால் ஸ்டட்டைக் கழற்றும்போது கூடவே வெளியேறாது.

மரை போனதற்காக ஹெட்டையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹெலிகாயில் போடத் தெரிந்த லேத் பட்டறையைத் தேடுங்கள். நம் ஊர் பைக்குகளிலும் அலுமினிய ஹெட்டில் எஃகு ஸ்டட்தான் சைலன்சரைப் பிடித்திருக்கிறது. அடுத்த முறை கழற்றினால் இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு போடச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் முழுக்க ஆறியதும், டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.