ஃபேன் சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லையா?

புதிய கம்ப்யூட்டர் வீட்டிற்கு வந்துவிட்டது. மானிட்டர், கீ போர்டு, மவுஸ் எல்லாவற்றையும் இணைத்து பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். கேபினட்டின் உள்ளே ஃபேன்கள் சுற்றுகின்றன. வண்ண விளக்குகள் எரிகின்றன. ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்துவிட்டு அதுவும் மறைந்து போகிறது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டு வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் உடனே சந்தேகம் அந்தக் கார்டின் மீதுதான் விழும். பல கம்ப்யூட்டர்களில் அதிக விலையுள்ள பாகமும் அதுதான் என்பதால் பதற்றமும் அதிகம்.

அவசரப்பட்டுக் கார்டைக் கழற்றித் திருப்பி அனுப்ப வேண்டாம். கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது, கார்டுக்கு மின்சாரம் போகிறதா, கார்டு ஸ்லாட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்காமல் கார்டைக் குறை சொல்ல முடியாது. நல்ல கார்டை அனுப்பினால் 'இதில் பழுது இல்லை' என்று திரும்பி வரும். அதற்குள் கடையில் மாற்றித் தருவதாகச் சொன்ன நாட்கள் முடிந்திருக்கும். உண்மையான கோளாறோ கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

முதலில் ஒரு எளிய சோதனை. கம்ப்யூட்டரை ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்து கீ போர்டில் நம் லாக் கீயைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் வந்தால் கம்ப்யூட்டர் உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. படம் மட்டும் உங்களிடம் வந்து சேரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் கோளாறு ராம், பிராசசர் போன்ற வேறு இடத்திலும் இருக்கலாம். கேபினட்டின் வண்ண விளக்குகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர அவை வேறு எதையும் சொல்வதில்லை. கார்டின் ஃபேன் சுற்றவில்லையே என்றும் பயப்பட வேண்டாம். இப்போதைய பல கார்டுகளில், சூடு ஏறும் வரை ஃபேன் நின்றபடியே இருக்கும்.

கேபிள் எந்த ஓட்டையில்?

கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். மேலே யு.எஸ்.பி., ஆடியோ போர்ட்டுகளுக்கு அருகில் ஒரு ஹெச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கும். அது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, குறுக்குவாட்டில் உள்ள போர்ட்டுகள்தான் கிராபிக்ஸ் கார்டுடையவை. மானிட்டர் கேபிள் கீழே உள்ளதில்தான் இருக்க வேண்டும். கண்ணுக்கு முதலில் படுவது மேலே உள்ளது என்பதால் புதியவர்கள் பலரும் அதில் செருகிவிடுகிறார்கள்.

மேலே செருகினால் ஏன் படம் வருவதில்லை? மதர்போர்டில் உள்ள போர்ட் வேலை செய்ய பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் வசதி இருக்க வேண்டும். பில்லில் பிராசசரின் பெயரைப் பாருங்கள். இன்டெல் ஐ5-12400எஃப் என்பது போல எஃப் எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600 பிராசசரிலும் கிடையாது. ஆனால் 5600ஜி-யில் உண்டு. 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவற்றில் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. 7500எஃப் போன்றவற்றில் இல்லை. பிராசசரில் வசதி இருந்தாலும், கார்டு போட்டவுடன் பல மதர்போர்டுகள் மேலே உள்ள போர்ட்டை அணைத்துவிடும்.

உங்கள் பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கார்டைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள போர்ட்டில் கேபிளைச் செருகி ஆன் செய்யுங்கள். படம் வந்தால் மானிட்டர், ராம், பிராசசர், மதர்போர்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது.

மானிட்டரையும் விட்டுவிடக் கூடாது. அதன் பட்டனை அழுத்தி, எந்தப் போர்ட்டில் கேபிள் இருக்கிறதோ அதையே சோர்ஸாகத் தேர்ந்தெடுங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

மின்சாரம் போதுமா?

ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து தனி கேபிள் கொடுக்க வேண்டும். 6 பின் கனெக்டர் மேலும் 75 வாட் தரும். 8 பின் கனெக்டர் 150 வாட் தரும். கார்டின் ஓரத்தில் இந்தக் கனெக்டர் இருந்து, அது காலியாக இருந்தால் படம் வராது. இரண்டு இருந்தால் இரண்டிலும் செருக வேண்டும். ஒன்று போதும் என்று விடக் கூடாது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிள் 4+4 என்று பிரியும். கார்டுக்கு உரியது 6+2 என்று பிரியும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் பின்களின் வடிவம் வேறு. உள்ளே போகவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், தவறான கேபிளை எடுத்திருக்கிறீர்கள். இதைவிட ஆபத்தானது, கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வேறு மாடலின் கேபிளைப் பயன்படுத்துவது. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேபிள் அழகாகப் பொருந்தும், பாகங்கள் எரிந்து போகும். கூடவே வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

விலை உயர்ந்த கார்டுகளில் 16 பின் கொண்ட சிறிய கனெக்டர் வருகிறது. 2022-ல் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 வெளியானபோது இந்தக் கனெக்டர்கள் சில உருகிப் போயின. ப்ளக் முழுவதும் உள்ளே போகாததே காரணம் என்று என்விடியா அப்போது சொன்னது. பிறகு கனெக்டரின் வடிவத்தில் திருத்தம் செய்தார்கள். எந்த வடிவமாக இருந்தாலும், இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகுவது அவசியம்.

கார்டைக் கழற்றி மாட்டுதல்

வெளியூரில் இருந்து கூரியரில் வந்த கம்ப்யூட்டர் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பெரிய கார்டுகள் ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். வண்டியில் குலுங்கும்போது ஸ்லாட்டில் இருந்து சற்று மேலே வந்துவிடும். பவர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமுள்ள மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, பவர் கேபிளையும் பின்பக்க ஸ்க்ரூக்களையும் எடுங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள சிறிய பூட்டை அழுத்திக்கொண்டு கார்டை நேராக வெளியே எடுக்கவும். தங்க நிறப் பட்டையின் மீது பிளாஸ்டிக் உறை இருந்தால் அகற்றவும். உறையோடு மாட்ட முயல்பவர்களும் இருக்கிறார்கள்! பிறகு, பிராசசருக்கு அருகில் உள்ள நீளமான ஸ்லாட்டில், 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள்.

மீண்டும் ஆன் செய்யும்போது மதர்போர்டின் ஓரத்தைக் கவனியுங்கள். பல போர்டுகளில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். வி.ஜி.ஏ. விளக்கு எரிந்து நின்றால் சந்தேகம் கார்டின் பக்கம். டிராம் விளக்கில் நின்றால் கார்டு நிரபராதி. ராமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். டி.டி.ஆர்.5 ராம் உள்ள கம்ப்யூட்டர் முதல் முறை ஆன் ஆகும்போது ராமைச் சோதித்துப் பழகவே சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமை இழந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

பழைய கார்டை வாங்கிப் போட்டவர்களுக்கு ஒரு தகவல். என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைக் கார்டுகளில் சில, புதிய டிஸ்ப்ளே போர்ட் மானிட்டர்களுடன் இணைத்தால் விண்டோஸ் வரும் வரை படமே காட்டாது. இதைச் சரிசெய்ய 2018-ல் என்விடியா ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டை வெளியிட்டது. தற்காலிகமாக ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்து அப்டேட் செய்துகொள்ளலாம்.

மதர்போர்டின் லோகோ தெரிந்து, விண்டோஸ் வரும்போது மட்டும் திரை கறுத்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறுதான். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதிலும் வரவில்லை என்றால் சேஃப் மோடில் சென்று டிரைவரை நீக்கிவிட்டு, கார்டு கம்பெனியின் தளத்தில் இருந்து புதியதை நிறுவவும்.

இத்தனைக்குப் பிறகும் படம் வரவில்லை என்றால், போதிய வாட் உள்ள எஸ்.எம்.பி.எஸ். கொண்ட நண்பரின் கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் தயங்காமல் கடைக்கு எடுத்துச் செல்லலாம். வி.ஜி.ஏ. விளக்கு எரிவதையும் மானிட்டரையும் சேர்த்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பில், கார்டின் அட்டைப் பெட்டி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். கார்டின் ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களில் கை வைக்காதீர்கள். அதன் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வாரண்டி தர மறுக்கும் கடைகள் உண்டு.