குதிரை ஒவ்வாமை உள்ளவருக்குப் பாம்பு கடித்தால்: நஞ்சுமுறிவு மருந்தை ஏற்கலாமா?

கொச்சி: சுக்கு, மிளகு, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிடங்குகள் நிறைந்த மட்டாஞ்சேரியில் தும்மல் ஒன்றும் புதிதல்ல. பஜார் சாலையில் நடப்பவருக்குக் கண் கலங்கினால் பழி மிளகுத் தூசியின் மேல்தான் விழும். அதே நபர் ஒரு திருமண ஊர்வலத்தில் குதிரையின் கழுத்தைத் தடவிய சில நிமிடங்களில் மூக்கொழுகி, கை தடித்து, மூச்சிரைக்கத் தொடங்கினால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கேரளத்தில் குதிரை அன்றாடக் காட்சியல்ல. எனினும் அதன் மீதான ஆசைக்குக் குறைவில்லை. திருச்சூர் மாவட்டம் மாளாவில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் குதிரையேறித் தேர்வெழுதச் சென்ற காணொளி 2019-ல் நாடு முழுவதும் பரவியது. மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் குஜராத்தி சமூகத்தின் மரபிலும் மணமகன் குதிரையேறி வருவது சிறப்பு. ஆசை இருந்தும் உடல் ஒத்துழைக்காதவர்களின் நிலைதான் சிக்கலானது.

முடி அல்ல, புரதம்

குதிரையின் முடியே ஒவ்வாமை தருகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் முடியில் ஒட்டியிருக்கும் புரதங்களே காரணம். அவற்றுள் முதன்மையானது ‘ஈக்யூ சி 1’. இது குதிரையின் தோல் செதிலிலும் உமிழ்நீரிலும் உள்ளது. மிக நுண்ணிய துகள்களாகக் காற்றில் மிதக்கும்; ஆடையில் ஒட்டி வீடு வரை வரும். குதிரையைத் தொடாத வீட்டாரும் தும்முவது இதனால்தான்.

பூனை, நாய் ஆகியவற்றின் ஒவ்வாமைப் புரதங்கள் சில இதனுடன் வடிவ ஒற்றுமை கொண்டவை. எனவே பூனையால் அவதிப்படுபவர் குதிரையை முதன்முறை நெருங்கும்போதே பாதிக்கப்படக்கூடும். மறுபுறம், லாயத்து வைக்கோலில் வளரும் பூஞ்சையும் இதே தொல்லைகளைத் தரும். கொச்சியின் ஈரக்காற்றில் அதற்குச் சொல்லவே வேண்டாம். தோல் குத்துப் பரிசோதனையோ ரத்தத்தில் ஐஜிஇ அளவிடும் சோதனையோ செய்யாமல் குதிரையைக் குற்றவாளியாக்குவது சரியன்று.

சுருள்முடிக் குதிரைகள் ஒவ்வாமை தருவதில்லை என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப இயலாது. பல இனக் குதிரைகளின் முடியை ஆராய்ந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், சுருள்முடி இனத்தில் ஒவ்வாமைப் புரதம் குறைவு என்பதற்குச் சான்று காணவில்லை. குதிரையைத் தேய்த்து வாரும் வேலையைப் பிறரிடம் விடுவது, முகக்கவசம் அணிவது, திரும்பியதும் குளித்து ஆடையைத் தனியே துவைப்பது, மருத்துவர் தரும் மாத்திரையை முன்கூட்டியே உட்கொள்வது ஆகியவை ஓரளவு உதவும். மூச்சிரைப்பு வருபவர்கள் இவற்றோடு நின்றுவிடக் கூடாது. முதலில் ஆஸ்துமா கட்டுக்குள் வர வேண்டும்.

ஒவ்வாமைக்குப் பெயர் தந்த விலங்கு

‘அலர்ஜி’ என்ற சொல்லின் பிறப்பிலேயே குதிரைக்குப் பங்குண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், தொண்டை அடைப்பான் நோயுற்ற குழந்தைகளுக்குக் குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் செலுத்தப்பட்டது. அது உயிர்களைக் காத்தது. ஆனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன. மறுமுறை செலுத்தியபோது அவை இன்னும் விரைவாகத் தோன்றின. வியன்னாவில் இதனை ஆராய்ந்த கிளெமன்ஸ் ஃபான் பிர்கே, பேலா ஷிக் ஆகிய மருத்துவர்கள் 1905-ல் ‘சீரம் நோய்’ குறித்து நூல் வெளியிட்டனர். மறு ஆண்டு, உடலின் இந்த மாறுபட்ட எதிர்வினைக்கு ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார் பிர்கே.

அந்தச் சீரம் பழங்கதையாகிவிடவில்லை. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கு அது சிறுசிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தப்பட்டு, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதமே நஞ்சுமுறிவு மருந்தாகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நம் மருத்துவமனைகளில் உள்ளது இந்தக் குதிரை மருந்துதான்.

அப்படியானால் குதிரை ஒவ்வாமை உள்ளவர் அதை மறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தான நஞ்சேற்றம் இருக்கும்போது இம்மருந்துக்கு முழுத் தடை எதுவும் கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆனால் கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், முன்பு குதிரைச் சீரம் ஒவ்வாதவர்களுக்கும், நஞ்சு உடலில் பரவியதற்கான அறிகுறி உறுதியானால் மட்டுமே தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. கேரளத்தில் இது கூடுதல் கவனத்துக்குரியது. இங்கு அடிக்கடி கடிக்கும், மூக்கு மேல்நோக்கிய குழிவிரியனின் நஞ்சை இந்த மருந்து முறிப்பதில்லை. பயன் இல்லாத இடத்தில் எஞ்சுவது ஒவ்வாமை அபாயம் மட்டுமே.

ஆபத்தைக் குறைக்கவும் வழியுண்டு. இலங்கையில் பாம்பு கடித்த 1,007 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வில், நஞ்சுமுறிவு மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் செலுத்தியது, முதல் ஒரு மணி நேரத்துக் கடும் எதிர்வினைகளை 43 விழுக்காடு குறைத்தது. வழக்கமாகத் தரப்படும் ஹைட்ரோகார்டிசோனும் புரோமெத்தசினும் அத்தகைய பலன் தரவில்லை. ஆகவே நோயாளியோ உடன் வந்தவரோ செய்ய வேண்டியது, “இவருக்குக் குதிரை ஒவ்வாது, ஆஸ்துமா உண்டு” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது. அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் மருந்தைத் தொடங்குவார்.

நாய்க்கடியில் மாற்று உண்டு

மட்டாஞ்சேரியின் நெருக்கமான சந்துகளில் பாம்பைவிட நாயே அருகிலுள்ள அச்சம். ஆழமான கடிக்குத் தடுப்பூசியுடன் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும் ரேபிஸ் எதிர்ப்புச் சீரமும் பல மருத்துவமனைகளில் குதிரையிலிருந்து பெறப்பட்டதே. ஆனால் இங்கு மாற்று உண்டு. மனித ரத்தத்திலிருந்து பெறும் இம்யூனோகுளோபுலினும், ஆய்வகத்தில் உருவாக்கப்படும் ஒற்றை எதிர்ப்புப் புரத மருந்துகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. ஒவ்வாமையை முன்கூட்டியே தெரிவித்தால் இவற்றைக் கேட்டுப் பெறலாம்.

இவை கிடைக்காவிட்டால் குதிரைச் சீரத்தையே ஏற்க வேண்டும். நோய் முற்றிய பின் ரேபிஸுக்குச் சிகிச்சை இல்லை. முன்னதாகத் தோலில் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. யாருக்குக் கடும் எதிர்வினை வரும் என்பதை அச்சோதனை முன்னறிவிப்பதில்லை என்பதே காரணம். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.