உங்களுக்குத் தெரியுமா? இலங்கைப் பொலிஸ் சான்றிதழ் மட்டும் போதாது

கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்கு சென்று உழைத்துத் திரும்பியவர் கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்தால், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். 18 வயதுக்கு முந்திய காலம் சேராது. அந்த நாட்டில் நீண்டகாலம் தங்கியது முடிந்தபின் பெற்றதாகவும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நடுவில் எடுத்தது உதவாது. அவுஸ்திரேலியா 16 வயதிலிருந்து எண்ணுகிறது, விட்டுவிட்டு இருந்தாலும் மொத்தம் 12 மாதம் வாழ்ந்திருந்தால் அந்த நாட்டின் சான்றிதழைக் கேட்கிறது.

இலங்கைச் சான்றிதழுக்குக் கேகாலையிலிருந்தே இணையவழியில் விண்ணப்பிக்கலாம்; வழங்குவது கொழும்பு பொலிஸ் தலைமையகம். வெளிநாட்டுச் சான்றிதழ்தான் அலைச்சல். கட்டாரை விட்டு வந்தவர் இங்கே கைரேகை எடுத்து, அத்தாட்சிப்படுத்தி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குத் தேவைப்படலாம் என்பதால் பழைய கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையின் பிரதியையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.