தரையில் 17 கிலோ, கடலில் முக்கால் கிலோ!

கடலுக்கு அடியில் மீன்களோடு சேர்ந்து நீந்தும் ஸ்கூபா டைவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், காலில் துடுப்பு. எவ்வளவு லேசாகத் தெரிகிறார்கள்! அதே டைவர் படகில் உட்கார்ந்திருக்கும்போது கவனியுங்கள். எழுந்து நிற்பதற்கே யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் அந்தச் சிலிண்டரின் எடைதான் என்ன? டைவரைக் கேட்டால், “தரையிலா, தண்ணீரிலா?” என்று திருப்பிக் கேட்பார். “தண்ணீரில்” என்று சொன்னால், “நிரம்பிய சிலிண்டரா, காலியான சிலிண்டரா?” என்று இன்னொரு கேள்வி வரும். ஒரே பொருளுக்கு மூன்று பதில்களா? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்றுக்கும் எடை உண்டு

உலகெங்கும் டைவர்கள் அதிகம் பயன்படுத்துவது ‘ஏஎல் 80’ என்ற அலுமினிய சிலிண்டர். அதன் உள்ளே இருக்கும் இடம் 11 லிட்டர்தான். ஆனால் அதற்குள் சுமார் 2,200 லிட்டர் காற்றை அழுத்தி அடைத்துவிடுகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்று லிட்டருக்கு 1.2 கிராம் எடையுள்ளது. 2,200-ஐ 1.2-ஆல் பெருக்குங்கள். 2,640 கிராம்! சிலிண்டருக்குள் இருக்கும் காற்று மட்டுமே இரண்டரை கிலோவுக்கு மேல். உலோகமும் வால்வும் சேர்ந்து ஏறத்தாழ 15 கிலோ. ஆக, தரையில் மொத்தம் சுமார் 17.5 கிலோ.

இப்போது அதைக் கடலில் இறக்குவோம். ஒரு பொருள் தண்ணீருக்குள் போனால், தன் அளவுக்குத் தண்ணீரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அப்படி விலகிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் அந்தப் பொருளை மேலே தள்ளும். 2,200 ஆண்டுகளுக்கு முன்பே சிராகூஸ் நகரத்து ஆர்க்கிமிடிஸ் கண்டறிந்த விதி இது. நம் சிலிண்டர் விலக்கும் கடல்நீரின் எடை சுமார் 16.8 கிலோ. 17.5-இலிருந்து 16.8-ஐக் கழித்தால் மிச்சம் 0.7. நிரம்பிய சிலிண்டர் கடலில் முக்கால் கிலோகூட இல்லை!

டைவர் சுவாசிக்கச் சுவாசிக்கக் காற்று குமிழ்களாக வெளியே போகிறது. சிலிண்டர் காலியானதும் அதன் எடை 15 கிலோவுக்கு வந்துவிடும். ஆனால் சிலிண்டரின் பருமன் மாறவில்லை அல்லவா? அதனால் தண்ணீர் அதே 16.8 கிலோ விசையோடுதான் மேலே தள்ளும். முதலில் கீழே இழுத்த சிலிண்டர், இப்போது கிட்டத்தட்ட 2 கிலோ விசையோடு டைவரை மேலே இழுக்கிறது.

எஃகு எப்படி?

எஃகு, அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியானது. ஆனால் அது உறுதியும் மிக்கது. அதனால் சிலிண்டரின் சுவரை மெல்லியதாகவே செய்யலாம். 12 லிட்டர் எஃகு சிலிண்டர், காற்றோடு சேர்த்துத் தரையில் சுமார் 18 கிலோ. அலுமினிய சிலிண்டரின் எடையும் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் தண்ணீரில்தான் தெரியும். சுவர் மெல்லியது என்பதால் எஃகு சிலிண்டர் வெளிப்புறத்தில் சிறியது. விலக்கும் தண்ணீரும் குறைவு.

மூன்று பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் (எல்லாம் தோராயக் கணக்கு):

அலுமினியம்: தரையில் 17.5 கிலோ, கடலில் நிரம்பியிருக்கும்போது 0.7 கிலோ கீழ்நோக்கி. காலியானதும் 2 கிலோ மேல்நோக்கி.

எஃகு: தரையில் 18 கிலோ, கடலில் நிரம்பியிருக்கும்போது 4 கிலோ கீழ்நோக்கி, காலியானதும் 1 கிலோ கீழ்நோக்கி.

ஈயக் கட்டி எதற்கு?

இவ்வளவு சுமை போதாதென்று டைவர்கள் இடுப்பில் ஈயக் கட்டிகளையும் கட்டிக்கொள்கிறார்கள். குளிருக்காக அவர்கள் அணியும் ரப்பர் உடையில் ஆயிரக்கணக்கான நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இருக்கின்றன. அந்த உடை மிதக்கப் பார்க்கும். அதை அடக்கத்தான் ஈயம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் துணையோடு கடலடிக்கு இறங்கியதும் இதுபோன்ற காரணத்தால்தான். நம் உடம்பு தானாகச் சட்டென்று மூழ்காது.

எத்தனை கிலோ ஈயம் வேண்டும்? இங்கேதான் டைவரின் சாமர்த்தியம் இருக்கிறது. கடலில் குதிக்கும் நேரத்தை வைத்து அவர் கணக்குப் போடுவதில்லை. திரும்பி வரும் நேரத்தை வைத்துப் போடுகிறார். ஆழத்தில் இருந்து வருபவர் மேற்பரப்புக்கு 5 அல்லது 6 மீட்டர் கீழே சில நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற அந்த நேரம் தேவை. அப்போது சிலிண்டர் காலியாகி லேசாகியிருக்கும். ஈயம் குறைவாக இருந்தால் அவரால் அங்கே நிற்க முடியாது; மேலே போய்விடுவார்.

அப்படியானால் இறங்கும்போது எடை கூடுதலாக இருக்குமே? இருக்கும். அதற்காகவே முதுகில் ஒரு காற்றுப் பை வைத்திருக்கிறார்கள். அதில் 1 லிட்டர் காற்றை விட்டால் 1 லிட்டர் தண்ணீர் விலகும்; 1 கிலோ சுமை குறையும். எவ்வளவு எளிமை!

மூன்று வகை மூட்டைகள்

சாதாரண டைவருக்கு ஒரு சிலிண்டர் போதும். நீருக்கடியில் உள்ள குகைகளுக்கும், மிக ஆழத்தில் கிடக்கும் உடைந்த கப்பல்களுக்கும் போகும் ‘டெக்னிக்கல் டைவர்’களுக்குப் போதாது. நடுவில் காற்றுத் தீர்ந்தால் அவர்களால் நேராக மேலே வர முடியாது. அதனால் குகை டைவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, கடைசிப் பங்கு ஆபத்துக்கு.

முதல் வகை, முதுகில் இரட்டை எஃகு சிலிண்டர். இரண்டையும் இணைக்கும் குழாய், பட்டைகள், உலோகத் தகடு எல்லாம் சேர்ந்து 40 கிலோவைத் தாண்டும். பக்கவாட்டில் இரண்டு சிறிய சிலிண்டர்களை மாட்டினால் 60 கிலோ. உங்கள் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரை ஒரே நேரத்தில் சுமப்பதுபோல! நிரம்பிய நிலையில் இரட்டைச் சிலிண்டர் தொகுதி கடலிலும் 10 கிலோவுக்கு மேல் கீழே இழுக்கும். அதனால் இவர்களுக்கு ஈயம் அதிகம் தேவைப்படாது. காற்றுப் பை கிழிந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை ‘சைடுமவுண்ட்’. சிலிண்டர்கள் முதுகில் இருக்காது. உடம்பின் இரு பக்கமும் கொக்கியில் தொங்கும். மொத்த எடை பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளலாம். ஒரே தடவையில் 40 கிலோவைத் தூக்குவதும், 17 கிலோவாக இரண்டு தடவை தூக்குவதும் முதுகெலும்புக்கு ஒன்றா? குறுகலான இடத்தில் உடம்பை நுழைப்பதற்கும் இது வசதி. 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்டாண்டன், ஜான் வோலந்தன் இருவரும் சிலிண்டர்களைப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு நீந்தும் பிரிட்டிஷ் குகை டைவர்கள். ஜூலை 10-க்குள் 13 பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

மூன்றாவது வகை ‘ரீபிரீதர்’. நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். விடும் காற்றிலும் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. சாதாரண டைவர் அதையெல்லாம் குமிழ்களாக வீணாக்குகிறார். ரீபிரீதர் அந்த மூச்சைப் பிடித்து, கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்புத் துகள்களால் உறிஞ்சி எடுத்துவிட்டு, செலவான ஆக்சிஜனை மட்டும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது.

இது எவ்வளவு பெரிய சிக்கனம் தெரியுமா? மேற்பரப்பில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 மடங்கு. அங்கே நிமிடத்துக்கு 80 லிட்டர் தேவை. அதாவது, நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 100 கிராம் எடை குமிழ்களாகப் போகிறது! 90 மீட்டர் ஆழத்தில் 10 மடங்கு. ஒரு முழு அலுமினிய சிலிண்டர் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ரீபிரீதர் அணிந்தவரின் உடம்பு எந்த ஆழத்திலும் நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர் ஆக்சிஜனைத்தான் செலவழிக்கும். இரண்டு மணி நேரத்தில் செலவாகும் ஆக்சிஜன் 200 கிராம்கூட இல்லை.

ரீபிரீதரின் எடை 30 கிலோவை ஒட்டித்தான். அப்படியானால் அதுதான் லேசானதா? அவசரப்படாதீர்கள்! கருவி பழுதானால் உயிர் பிழைக்க, தனியாக ஒன்றிரண்டு முழு சிலிண்டர்களைக் கூடவே எடுத்துப் போக வேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால், 30-உடன் 35-ஐக் கூட்டினால் 65. இரட்டைச் சிலிண்டர்க்காரரின் சுமையைவிடத் தராசு கூடுதலாகவே காட்டும். ஆனால் அந்தச் சுமையோடு இவர் பல மடங்கு நேரம் கீழே இருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் காய்ந்த மணலைப் போட்டு, மூடியை இறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் இன்னும் கொஞ்சம் மணல் சேருங்கள். மூழ்கியதும் வெளியே எடுத்துத் துடைத்து எடை போடுங்கள். தராசு 500 கிராமைச் சற்றுத் தாண்டியிருக்கும். இப்போது இரண்டு கரண்டி மணலை எடுத்துவிட்டு மறுபடியும் போடுங்கள். பாட்டிலின் அளவு மாறவில்லை. ஆனால் அது மிதக்கும்.

புதிர்

இரண்டு டைவர்கள் நீருக்குள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள். முதலாமவர் காலியான ஓர் அலுமினிய சிலிண்டரைக் கழற்றி இரண்டாமவரிடம் கொடுக்கிறார். யார் மேலே போவார்? யார் கீழே இறங்குவார்? சிலிண்டர் எஃகாக இருந்தால் விடை மாறுமா?