பி27 பாசிட்டிவ்னா நோய் வந்துடுமா?

முதுகுவலின்னு போய், ரிப்போர்ட்டில் 'எச்.எல்.ஏ பி27 பாசிட்டிவ்' என்று பார்த்ததும் பலர் ஆடிப்போயிடறாங்க. இந்தப் பரிசோதனைக்கு அடிப்படை 1973-ல் லண்டனில் ப்ரூவர்ட்டன் குழு கண்டது. முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகள் 75 பேரில் 72 பேருக்கு பி27 இருந்தது. ஒப்பிட எடுத்த 75 பேரில் 3 பேருக்குத்தான்.

இப்போ கணக்கைத் திருப்பிப் போடுங்க. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு பி27 உண்டு. அவங்கள்ல நோய் வருவது மிகச் சிலருக்கே. (நிகழ்தகவு படிச்சவங்களே சறுக்கும் இடம் இது.) அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்களுக்கு நோய் இருந்தா மட்டும் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

அதனால ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காம வலியையும் கவனிங்க. நாற்பத்தைந்து வயசுக்குள்ள ஆரம்பிச்சு மூணு மாசத்துக்கு மேல நீடிக்குதா? காலையில் விறைப்பா இருந்து, நடமாடினா குறையுதா? அப்படின்னா மூட்டுநோய் நிபுணரைப் பார்க்கறதைத் தள்ளிப்போடாதீங்க.